மரத்துப்போவது எந்த விரல்? கணினி வேலை வலிகளுக்கு அறிகுறி வாரியாக வழி

போன மாதம் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் வலது தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆறு மாதமாகத் தைலம், நடுநடுவே வலி மாத்திரை, ஒரு எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. நீங்கள் உட்காரும் இடத்தைப் போனில் படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். படத்தில் எல்லாம் இருந்தது. நெஞ்சு உயரத்துக்கு மேசை, கால் தரையில் படாத நாற்காலி, கீபோர்டின் வலக்கோடியில் நம்பர் பேட், அதற்கு அந்தப் பக்கம் வவுச்சர் கட்டு, கட்டுக்கும் அப்பால் மவுஸ். மவுஸைத் தொட ஒவ்வொரு முறையும் கையை ஒரு முழம் எட்டிப் போட வேண்டும். வவுச்சர் கட்டை இடப்பக்கம் மாற்றி, மவுஸைக் கீபோர்டை ஒட்டி வைத்த பிறகுதான் அவருக்கு நான் கொடுத்த பயிற்சி வேலை செய்ய ஆரம்பித்தது.

பதினைந்து வருடமாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். கணினி வேலைக்காரர்கள் யார் வந்தாலும் முதலில் இரண்டு கேள்வி கேட்பேன். எங்கே? எப்போது? "கை வலிக்கிறது" என்பது போதாது. எந்த விரல், எந்தப் பக்கம், விடிகாலையா, சாயங்காலம் ஐந்து மணிக்கா, ஞாயிற்றுக்கிழமையும் வருகிறதா? இதற்குச் சரியான பதில் கிடைத்தால் பாதி வழி தெரிந்துவிடும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுடையதை மட்டும் தேடிப் படித்தாலும் போதும். ஒரு வேண்டுகோள்: மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். நாற்காலி, மானிட்டர், தலையணை எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் குறைந்தது என்று தெரியாமல் போய்விடும். ஒரு மாற்றம் செய்து ஒரு வாரம் பாருங்கள்.

முதலில் இவை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

நாற்காலியை நகர்த்திச் சரிசெய்ய முடியாத வலிகள் சில உண்டு. இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

முதுகு வலியோடு சிறுநீர் போவது தெரியவில்லை அல்லது போக முடியவில்லை, உட்காரும் இடமும் தொடை இடுக்கும் மரத்துவிட்டது என்றால் அது அவசர நிலை. நடு இரவானாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். இடது தோள், கை, தாடை வலியோடு நெஞ்சு இறுக்கமோ வியர்வையோ மூச்சுத் திணறலோ இருந்தால் 108-ஐ அழையுங்கள். "மவுஸ் பிடித்த வலி" என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். அதையும் அன்றே காட்டிவிடுங்கள்.

சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறது, கையெழுத்து மாறிவிட்டது, நடக்கும்போது செருப்பு கழன்று போனதே தெரியவில்லை. இப்படிச் சொல்பவர்களுக்குப் பல சமயம் கழுத்து வலியே அதிகம் இருக்காது. ஆனால் கழுத்துக்குள் தண்டுவடம் அழுந்துவதற்கான அடையாளங்கள் இவை. இதைத் தள்ளிப் போடவே கூடாது.

அப்புறம், நம் நாட்டில் மறக்கக் கூடாத ஒன்று. வாரக்கணக்கில் முதுகு வலி, சாயங்காலம் லேசான காய்ச்சல், எடை குறைவது, இரவில் வியர்ப்பது. முதுகெலும்பில் வரும் காசநோய் இப்படித்தான் தொடங்கும். மருந்தால் குணமாகும் நோய் அது. தாமதித்தால் எலும்பு நொறுங்கிக் கூன் விழும்.

விரல் மரத்துப்போகிறது, மதமதவென்று இருக்கிறது

இங்கே நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விரலே வழி காட்டும்.

*கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி.* சுண்டுவிரல் நன்றாக இருக்கிறது. இரவு இரண்டு மூன்று மணிக்கு எழுப்பிவிடுகிறது, கையை உதறினால் சரியாகிறது. இது மணிக்கட்டுக் குகையில் நடு நரம்பு அழுந்துவது. கார்ப்பல் டனல் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகலான வழி. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்கள்) ஒரு நரம்பும் நெருக்கிக்கொண்டு போகின்றன. கொஞ்சம் வீக்கம் வந்தாலும் முதலில் நசுங்குவது நரம்புதான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்க, முழங்கைகளை விரித்து ஒரு நிமிடம் பிடியுங்கள். அதே விரல்களில் மரமரப்பு வந்தால் சந்தேகம் வலுக்கிறது.

இதற்குக் கீபோர்டை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பம் மூன்றிலும் இது வரும். எனவே சர்க்கரையும் தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானாகவே தணிந்துவிடும்.

செய்ய வேண்டியது: இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை, மருந்துக் கடைகளில் ஸ்பிளின்ட் என்று கேட்டால் கிடைக்கும். ஆறு வாரம் தினமும் கட்டிக்கொண்டு தூங்குங்கள். பகலில் கட்ட வேண்டியதில்லை. தூக்கத்தில் நாம் கையை மடக்கித் தலைக்கடியில் வைத்துக்கொள்கிறோம், அதைத் தடுக்கத்தான் பட்டை. பகலில் கீபோர்டின் பின்பக்கக் குட்டிக் கால்களை மடக்கிவிடுங்கள். அவற்றை நிமிர்த்தி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். டைப் அடிக்கும்போது மணிக்கட்டை மேசை விளிம்பில் அழுத்தி ஊன்றாதீர்கள்.

ஆறு வாரத்தில் குறையவில்லை, டம்ளர் கையிலிருந்து நழுவுகிறது, கட்டைவிரலின் அடிமேடு சப்பையாகிவிட்டது என்றால் நரம்புக் கடத்தல் சோதனை எடுக்க வேண்டும். அடிமேடு வற்றிய பிறகு அறுவை செய்தாலும் பலம் முழுதாகத் திரும்புவது கஷ்டம். மரமரப்பு மாறாமல் நாள் முழுக்க நிலைத்துவிட்ட பிறகு வருபவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் வலிக்கும். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் பட்டையோடு போயிருக்கும்.

*சுண்டுவிரலும் மோதிர விரலின் வெளிப்பாதியும்.* இது முழங்கை. தெரியாமல் இடித்துக்கொண்டால் கரண்ட் அடித்ததுபோல் சுரீர் என்கிறதே, அந்த நரம்பு. மேசை விளிம்பிலோ கடினமான நாற்காலிக் கையிலோ முழங்கையை ஊன்றுபவர்களுக்கும், கையை மடக்கிக் காதில் போனை வைத்து நீண்ட நேரம் பேசுபவர்களுக்கும் வரும். ஊன்றுவதை நிறுத்துங்கள், இயர்போனில் பேசுங்கள். இரவில் முழங்கை மடங்காமல் இருக்க ஒரு துண்டைச் சுருட்டி முழங்கையைச் சுற்றித் தளர்வாகக் கட்டிக்கொள்ளலாம். மூன்று நான்கு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

*கழுத்திலிருந்து கை வழியாக விரல் வரை மின்னல் போல இறங்குகிறது.* கையைத் தூக்கி உள்ளங்கையைத் தலை உச்சியில் வைத்துப் பாருங்கள். அப்படி வைத்தால் சுகமாக இருக்கிறதென்றால் நரம்பு அழுந்தும் இடம் பெரும்பாலும் கழுத்து. அண்ணாந்து பார்த்து அதே பக்கம் திரும்பும்போது அதிகமாகும். இதில் பெரும்பாலானவை சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் தணிந்துவிடும். கையில் பலம் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது.

சுண்டுவிரலின் வெளி விளிம்பில் கடுகடுப்பு, மரப்பு இல்லை

டிடிபி வேலை பார்ப்பவர்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். பழைய தட்டச்சு விசைப்பலகை முறையில் தமிழ் அடித்தால் ஷிப்ட் விசையைச் சுண்டுவிரலால் ஓயாமல் அழுத்த வேண்டும். இருப்பதிலேயே பலம் குறைந்த விரல் அது. விண்டோஸில் ஷிப்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வசதி கேட்கும், ஆம் என்று கொடுங்கள். பிறகு ஷிப்டைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம், ஒருமுறை தட்டிவிட்டு எழுத்தைத் தட்டினால் போதும். முடிந்தால் தமிழ்99-க்கு மாறுங்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த முறை அது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் புள்ளி தானாக விழும். பழக இரண்டு வாரம் ஆகும், அந்த இரண்டு வாரம் வேகம் குறையும், பரவாயில்லை.

கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வலி

கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டியை மூடி, கையை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். மணிக்கட்டோரம் உயிர் போகிறாற்போல் வலித்தால் அங்குள்ள இரண்டு தசைநாண்களின் உறை தடித்துவிட்டது. 1895-ல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி குவெர்வேன் விவரித்ததால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். கணினியைவிடப் போன்தான் இங்கே பெரிய காரணமாக எனக்குப் படுகிறது. ஒற்றைக் கையில் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் மணிக்கணக்கில் தள்ளுகிறோம். கைக்குழந்தையைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கும் அம்மாக்களுக்கும் வரும். போனை மேசையில் வைத்து ஆள்காட்டி விரலால் பயன்படுத்துங்கள். குழந்தையை உள்ளங்கை மேலே பார்க்க, அடியில் கைகொடுத்து ஏந்துங்கள். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை மூன்று வாரம் போடுங்கள்.

முழங்கையின் வெளிப்பக்கம் வலி

தோசைக்கல்லைத் தூக்கும்போது, துணி பிழியும்போது, மவுஸ் கிளிக் செய்யும்போது சுருக் என்கிறது. டென்னிஸ் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்களுக்கும் வரும் டென்னிஸ் எல்போ. மவுஸைத் தூரத்தில் வைத்து, விரல்களை அதன்மேல் தொடாமல் தூக்கியே வைத்திருப்பவர்களுக்கு அதிகம். வேலை செய்யாத நேரத்தில் கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்சி ஒன்று போதும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை வலிக்கும் கையில் பிடியுங்கள். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். மற்ற கையால் மணிக்கட்டை மேலே தூக்கிவிட்டு, வலிக்கும் கையால் ஐந்து எண்ணி மெதுவாக இறக்குங்கள். பதினைந்து முறை, மூன்று சுற்று, தினம் ஒருதரம். செய்யும்போது லேசாக வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லை என்றால் பாட்டிலில் பாதித் தண்ணீரைக் கொட்டுங்கள்.

ஸ்டீராய்டு ஊசி போட்டால் ஓரிரு வாரத்தில் வலி பறந்துவிடும். ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்களைவிடப் போடாதவர்கள்தான் நன்றாக இருக்கிறார்கள். இதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பொறுமையாக இருந்தால் பெரும்பாலோருக்கு ஒரு வருடத்துக்குள் இது அடங்கிவிடும்.

பிடரி, தோள்பட்டைப் பிடிப்பு

சாயங்காலம் ஆக ஆக ஏறுகிறது, ஞாயிறு குறைகிறது என்றால் நீங்கள் உட்காரும் இடத்தில்தான் தேட வேண்டும்.

மேசையிலிருந்து தொடங்குங்கள். அலுவலக மேசை சாதாரணமாக 75 செ.மீ. உயரம். ஐந்தடி உயரமுள்ள பெண், பாதம் தரையில் படிய உட்கார்ந்தால் முழங்கை தரையிலிருந்து 60 செ.மீ.யைச் சற்றுத் தாண்டித்தான் இருக்கும். மீதி உயரத்தை அவர் தோளைத் தூக்கி ஈடுகட்டுகிறார், அவருக்கே தெரியாமல். இப்போதே தோள்களை ஒரு அங்குலம் உயர்த்தி இரண்டு நிமிடம் பிடித்துப் பாருங்கள். எரிச்சல் எடுக்கும். அதைத்தான் அவர் தினமும் எட்டு மணி நேரம் செய்கிறார். மேசையை அறுக்க முடியாது, அதனால் நாற்காலியை உயர்த்துங்கள். முழங்கை மேசை மட்டத்துக்கு வரட்டும். கால் அந்தரத்தில் தொங்கினால் ஏ4 பேப்பர் கட்டு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காலை வையுங்கள். ஒரு கட்டு ஏறக்குறைய 5 செ.மீ. கனம். பிரிக்காத கட்டாக இருந்தால் நகராது. பெண்களின் தோள் வலியில் இந்த ஒரு மாற்றம் செய்யும் வேலையைப் பல மருந்துகள் செய்து நான் பார்த்ததில்லை.

அடுத்து மானிட்டர். கை நீட்டினால் தொடும் தூரம், மேல் விளிம்பு கண் மட்டத்தில். மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ, அது முன்னால் சாயச் சாயப் பிடரித் தசைகள் கூடுதலாக இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. லேப்டாப்பில் திரையும் விசைகளும் ஒட்டியே இருப்பதால் கழுத்துக்கு வசதி செய்தால் கைக்கு இடைஞ்சல், கைக்கு வசதி செய்தால் கழுத்துக்கு இடைஞ்சல். நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் தனிக் கீபோர்டும் மவுஸும் வாங்கி, லேப்டாப்பைத் தடித்த புத்தகங்கள் மேல் ஏற்றிவிடுங்கள்.

45 வயது தாண்டியவரா, இரட்டைப் பார்வைக் கண்ணாடி போடுபவரா? மேலே சொன்ன மானிட்டர் விதி உங்களுக்குப் பொருந்தாது. கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத் திரையைப் பார்க்க நீங்கள் தாடையைத் தூக்குகிறீர்கள், பிடரி மடங்குகிறது, அங்கிருந்து தலைவலி தொடங்கி நெற்றி வரை வருகிறது. மானிட்டரை நன்றாகக் கீழே இறக்குங்கள். அல்லது திரைத் தூரத்துக்கு மட்டும் தனிக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர் இரண்டு வருடம் "செர்விகல் ஸ்பாண்டிலோசிஸ்" (கழுத்தெலும்புத் தேய்மானம்) என்று கழுத்தில் காலர் போட்டுக்கொண்டிருந்தார். மானிட்டருக்கு அடியில் இருந்த மரப்பலகையை எடுத்ததும் பத்து நாளில் தலைவலி போனது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வலித்தால் பயணத்தைப் பாருங்கள். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக் கழுத்தைச் சாய்த்து வண்டி ஓட்டுவது, ஒரே தோளில் லேப்டாப் பை, பேருந்தில் குனிந்து போன்.

கையை எந்தப் பக்கமும் தூக்க முடியவில்லை, பின்னால் ஜாக்கெட் ஊக்கைப் போட முடியவில்லை, மற்றவர் தூக்கிவிட்டாலும் மேலே போகவில்லை என்றால் அது பிடிப்பு இல்லை, உறைந்த தோள். 40-லிருந்து 60 வயதுக்குள், சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும். நாற்காலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு வருடத்திலிருந்து மூன்று வருடம் வரை எடுக்கும், விலகாமல் பயிற்சி செய்தால் கை திரும்பும்.

இடுப்பு, கீழ் முதுகு

இங்கே "எப்போது" என்ற கேள்விதான் முக்கியம்.

உட்கார உட்கார ஏறி, எழுந்து நடந்தால் விடுகிறது: அரைமணிக்கு ஒருதரம் எழுந்து ஒரு நிமிடம் நடப்பதுதான் மருந்து. இரண்டாயிரம் ரூபாய் நாற்காலியோ இருபதாயிரம் ரூபாய் நாற்காலியோ, அசையாமல் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு வலிக்கத்தான் செய்யும். தண்ணீர் பாட்டிலைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள், நிரப்பவாவது எழுந்திருப்பீர்கள். அலுவலகக் கழிப்பறை சரியில்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் நிறையப் பேர். இடத்தை விட்டு எழுந்திருக்காததற்கும் அதுதான் காரணம். நிர்வாகத்தில் இருப்பவர்கள் படித்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

நின்றுகொண்டே வேலை செய்யும் மேசை தீர்வா என்று கேட்கிறார்கள். மாறி மாறி என்றால் நல்லது. நாள் முழுக்க நிற்பதன் கஷ்டம் துணிக்கடைப் பெண்களுக்குத் தெரியும். அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது.

ஒரு பக்கப் பிட்டத்தில் மட்டும் குடைச்சல், தொடைப் பின்புறம் இறங்குகிறது, ஆண் என்றால் பின்பாக்கெட்டில் பர்ஸ் இருக்கிறதா பாருங்கள். தடித்த பர்ஸ் மேல் உட்கார்ந்தால் நரம்பும் அழுந்தும், இடுப்பும் சாயும். பர்ஸை முன்பாக்கெட்டுக்கு மாற்றி ஒரு வாரம் பாருங்கள்.

முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை வலி ஓடினால் முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள சவ்வு (டிஸ்க்) நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குள் அறுவை இல்லாமலேயே தணியும். இரண்டு நாளுக்கு மேல் படுத்தே கிடக்காதீர்கள். பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தரையில் இழுபட்டால் உடனே காட்டுங்கள்.

காலையில் எழுந்ததும் அரைமணிக்கு மேல் முதுகு விறைத்திருக்கிறது, நடந்தால் இளகுகிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது, பின்னிரவில் எழுப்புகிறது, வயது 45-க்குள், மூன்று மாதம் தாண்டிவிட்டது. இது உட்காரும் முறையால் வந்ததல்ல, முதுகெலும்பு மூட்டழற்சியாக இருக்கலாம். இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் வீங்கிக் காலையில் ஒரு மணி நேரம் மடக்க முடியாமல் இருந்தாலும் அப்படித்தான், முடக்குவாதத்தைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டுக்கும் வாத நோய் நிபுணரைப் பாருங்கள். "ஐடி வேலை, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிச் சொல்லியே வருடங்களைத் தொலைத்த இளைஞர்கள் உண்டு.

முட்டி, குதிகால்

முட்டியை மடக்கியே உட்கார்ந்து எழும்போது முன்பக்கம் வலித்தால், நாற்காலிக்கு அடியில் காலை இழுத்து வைக்காமல் அடிக்கடி நீட்டுங்கள். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்தினால் இறங்கும் முன்பே கட்டிலில் உட்கார்ந்து, விரல்களை உங்கள் பக்கம் இழுத்துப் பத்து எண்ணிப் பிடியுங்கள், பத்து முறை. வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு.

இவற்றைச் செய்யாதீர்கள்

முடிவெட்டும் கடையில் கழுத்தைத் திருகி நெட்டி முறித்துக்கொள்வது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் இரண்டு, கழுத்தெலும்புகளிலுள்ள துளைகள் வழியாகப் போகின்றன. திடீர்த் திருகலில் அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம். அரிதுதான். ஆனாலும் ஒரு "டக்" சத்தத்துக்காக எடுக்க வேண்டிய ஆபத்தில்லை. தலைக்கு மசாஜ் மட்டும் போதும், கழுத்தை விட்டுவிடுங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை ஒரு வாரத்துக்கு மேல் நீங்களாக நீட்டாதீர்கள். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண் உள்ளவர்கள் கேட்காமல் ஒரு மாத்திரைகூட எடுக்க வேண்டாம். இடுப்பு பெல்ட்டை மாதக்கணக்கில் கட்டாதீர்கள், தசைகள் தளர்ந்துவிடும்.

ஸ்கேன் எடுத்து "சவ்வு பிதுங்கியிருக்கிறது" என்று எழுதியிருந்தால் பயந்துவிடாதீர்கள். முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்ததில், 20 வயதுக்காரர்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கும், 50 வயதில் பாதிப் பேருக்கு மேலும் அப்படிப் பிதுக்கம் இருந்தது.

மூன்று வாரமாகியும் குறையவில்லை

மருத்துவரிடமோ பிசியோவிடமோ போகும்போது மூன்று விஷயம் கையில் இருக்கட்டும். பக்கவாட்டிலிருந்து, நீங்கள் வேலையில் இருக்கும்போது, உங்களுக்குத் தெரியாமல் சக ஊழியர் எடுத்த படம் ஒன்று. தெரிந்து எடுத்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். வலி எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று ஒரு வாரக் குறிப்பு. மரப்பு இருந்தால், உள்ளங்கையைத் தாளில் வைத்து வரைந்து, மரக்கும் இடத்தை மட்டும் பேனாவால் நிரப்பிய படம்.